புது ஐட்டம் வந்த அன்றே பரிந்துரையில் வரவைப்பது எப்படி: முழு ரீட்ரெயின் இல்லாத வழி

உங்கள் தளத்தில் காலையில் ஏற்றிய செய்தியோ சேலையோ படமோ, ராத்திரி மாடல் ரீட்ரெயின் ஆகும்வரை (புது டேட்டாவில் மறுபடி கற்கும்வரை) யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறதா? மாடலுக்கு அந்த ஐடியே தெரியாது, ஐடி தெரியாததற்கு வெக்டர் (அதன் தன்மையைக் குறிக்கும் எண்களின் வரிசை) கிடையாது, வெக்டர் இல்லாதது பட்டியலில் வராது, பட்டியலில் வராததை யாரும் கிளிக் செய்யப் போவதில்லை, கிளிக்கே இல்லாததால் அடுத்த ரீட்ரெயினிலும் அதற்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஐட்டம் கோல்ட் ஸ்டார்ட் என்று சொல்வது இதைத்தான். கடையில் இது நஷ்டம். செய்தித் தளத்தில் அதைவிட மோசம், ஏனென்றால் ராத்திரி மாடல் தயாராகும்போது காலைச் செய்தி பழசாகிவிடும்.

ஒரு செய்தித் தளத்துக்காக இந்த வேலையைச் செய்தபோது, எந்த மாடல் நல்லது என்று சொல்ல ஆய்வுக் கட்டுரைகள் ஏராளமாகக் கிடைத்தன. எந்த லாக் கையில் இருக்க வேண்டும், எவ்வளவு இம்ப்ரெஷன் (ஓர் ஐட்டத்தை ஒருவருக்கு ஒருமுறை காட்டுவது) செலவாகும், எதை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்ட வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதையெல்லாம் முட்டி மோதித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பைத்தான் தெரியும், மேட்ரிக்ஸ் ஃபேக்டரைசேஷன் மாடல் ஒன்றை ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முழுத் திட்டமும் இவ்வளவுதான்: யூசர் வெக்டர்களைத் தொடவே வேண்டாம். புது ஐட்டத்தின் தலைப்பு, வகை, விவரம் இவற்றை வைத்து ஒரு தொடக்க வெக்டர் கொடுங்கள். அதைக் காட்டுவதற்கு என்று கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள். கிளிக் வர வர அந்த ஒரு வெக்டரை மட்டும் திருத்துங்கள். மற்றதெல்லாம் அடுத்த ரீட்ரெயின் பார்த்துக்கொள்ளும்.

## 1. முதலில் நான்கு கோப்புகளைத் தயார் செய்யுங்கள்

மாடலுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இது இல்லாமல் தொடங்கினால் பாதியில் நிற்பீர்கள்.

கேட்டலாக். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஐடி, தலைப்பு, வகை, உள்வகை, விவரம், அப்புறம் வெளியான நேரம். அந்த நேரம் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறது என்பதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டலாக் இந்திய நேரத்திலும் கிளிக் லாக் யுடிசியிலும் (உலகப் பொது நேரம்) இருப்பது சாதாரணமாக நடக்கிற விஷயம். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில், ஐட்டம் பிறப்பதற்கு முன்பே அதற்குக் கிளிக் விழுந்திருக்கும், உங்கள் சோதனைக் கணக்கு எல்லாம் அர்த்தமில்லாமல் போகும். வெளியான நேரத்துக்கு முந்தைய கிளிக் எத்தனை என்று ஒரு வினவல் போட்டுப் பாருங்கள். பூஜ்யம் வராவிட்டால் அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த வேலை.

கிளிக் லாக். இது எல்லோரிடமும் இருக்கும்.

இம்ப்ரெஷன் லாக். இது பெரும்பாலும் இருக்காது, அல்லது இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாருக்கு, எந்த நேரத்தில், எந்த ஐட்டம், எத்தனையாவது இடத்தில் காட்டப்பட்டது என்ற விவரம்தான் இது. சர்வர் அனுப்பியதையெல்லாம் இம்ப்ரெஷன் என்று பதிவு செய்கிறார்களா, திரையில் உண்மையில் தெரிந்ததை மட்டுமா என்பதை டெவலப்பரிடம் நேரடியாகக் கேளுங்கள். சர்வர் 30 ஐட்டம் அனுப்புகிறது, ஃபோன் திரையில் 4 தெரிகிறது, அந்த ஆள் இரண்டு முறை ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போய்விடுகிறார் என்றால், அவர் பார்க்காத பதினெட்டு ஐட்டத்துக்கும் "காட்டினோம், பிடிக்கவில்லை" என்று பதிவாகும். பழைய ஐட்டங்கள் இதைத் தாங்கும். மொத்தமே ஐம்பது இம்ப்ரெஷன் வைத்திருக்கும் புது ஐட்டம் தாங்காது. இதை மாற்ற ஃப்ரன்ட்எண்ட் டீமிடம் வேலை கேட்க வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே முதல் நாளே கேட்டு வையுங்கள்.

ஐடியிலிருந்து வரிசை எண்ணுக்கு ஒரு பட்டியல். மாடலுக்குள் ஐட்டம் என்றால் மேட்ரிக்ஸில் ஒரு வரிசைதான். உங்கள் ஐடி 2,00,000 என்று இருந்து, மொத்த ஐட்டம் 60,000 தான் என்றால், ஐடியையே வரிசை எண்ணாகப் போட்டால் நடுவில் ஒரு லட்சத்துக்கு மேல் வெற்று வரிசைகள் உருவாகும். ஒவ்வொரு ஐடிக்கும் இடைவெளி இல்லாத வரிசை எண் கொடுத்து, அந்தப் பட்டியலைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போங்கள். நடுவில் ஒன்றை நீக்கி எண்களை நகர்த்தவே கூடாது. பட்டியலோடு மாடல் பதிப்பு எண்ணையும் சேர்த்து வையுங்கள், எதற்கென்று கடைசியில் தெரியும்.

## 2. பழகிப் பார்க்க மைண்ட் டேட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள்

அலுவலக லாக் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். எல்லோரும் மூவிலென்ஸில் (படங்களுக்கு ஆட்கள் கொடுத்த மதிப்பீடுகளின் தொகுப்பு) தொடங்கச் சொல்வார்கள். அது நல்ல டேட்டாதான், ஆனால் அதில் இம்ப்ரெஷன் கிடையாது. நமக்குப் பொருத்தமானது மைக்ரோசாஃப்ட் 2020-ல் வெளியிட்ட மைண்ட். 2019 அக்டோபர் 12 முதல் நவம்பர் 22 வரையிலான செய்தித் தளப் பதிவுகள். முழுத் தொகுப்பில் பத்து லட்சம் யூசர்கள், ஒன்றரை லட்சத்துக்கும் மேல் செய்திகள். லேப்டாப்பில் ஓட்ட 50,000 யூசர்கள் உள்ள சிறிய தொகுப்பே போதும்.

அதில் ஒவ்வொரு பதிவிலும் யூசர், நேரம், அவர் முன்பு படித்தவை, அன்று காட்டப்பட்டவை என்று இருக்கும். காட்டப்பட்ட ஒவ்வொரு செய்தியின் ஐடிக்குப் பின்னாலும் ஒரு கோடு போட்டு 1 அல்லது 0. ஒன்று என்றால் கிளிக், பூஜ்யம் என்றால் காட்டியும் கிளிக் செய்யவில்லை. இந்தப் பூஜ்யங்கள்தான் நமக்குத் தங்கம்.

இந்த டேட்டாவில் மூன்று இடங்களில் கால் இடறும். செய்தி வெளியான நேரம் இதில் இல்லை, எனவே முதன்முதலில் எந்த இம்ப்ரெஷனில் தலை காட்டியது என்பதைத்தான் பிறந்த நேரமாக வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு படித்தவற்றின் பட்டியல் வரிசையாக இருக்கும், ஆனால் தனித்தனி நேரம் இருக்காது. காட்டப்பட்ட செய்திகளின் வரிசை கலைத்துப் போடப்பட்டது, ஆகவே முதலில் இருப்பது முதலிடத்தில் காட்டப்பட்டது என்று எடுத்துக்கொண்டு இடச் சார்பு (மேலே இருப்பதாலேயே கிடைக்கும் கிளிக்) கணக்கிட முயலாதீர்கள். அப்புறம், உரிமத்தைப் படியுங்கள். இது ஆராய்ச்சிக்கானது, இதில் பயிற்றுவித்த மாடலைக் கொண்டுபோய் வியாபாரத்தில் வைக்கக் கூடாது.

## 3. புது ஐட்டத்தைத் தனியாக அளக்க ஏற்பாடு செய்யுங்கள்

தற்போக்காக (ரேண்டமாக) 20 சதவீதக் கிளிக்குகளை ஒதுக்கிச் சோதித்தால் கோல்ட் ஸ்டார்ட் கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் சோதனையில் உள்ள ஐட்டம் பயிற்சியிலும் இருக்கும். ஒரு தேதியை வைத்து வெட்டுங்கள், அதற்கு முன் பயிற்சி, பின் சோதனை. அந்த நாளுக்கு முன்னால் கிளிக்கிலோ இம்ப்ரெஷனிலோ படிப்பு வரலாற்றிலோ எங்கும் தலை காட்டாத ஐட்டம்தான் புதுசு.

பிறகு மூன்று எண்கள் எடுங்கள்: பழைய ஐட்டங்களுக்கு ரீகால் 20 (கிளிக் செய்தவற்றில் எத்தனை பங்கு முதல் 20 பரிந்துரைக்குள் வந்தது), புது ஐட்டங்களுக்கு ரீகால் 20, இரண்டும் சேர்த்து. புது ஐட்டத்தின் ரீகாலைக் கணக்கிடும்போது அது யாரோடு போட்டியிடுகிறது என்பது முக்கியம். புது ஐட்டங்களுக்குள் மட்டும் போட்டி வைத்தால் எண் அழகாக வரும். நிஜத்தில் பழைய ஐட்டங்களும் அதே பட்டியலில்தான் நிற்கின்றன. இரண்டு விதமாகவும் எடுத்து, எது எது என்று பெயர் எழுதி வையுங்கள். கட்டுரைகளில் வரும் பெரிய எண்கள் பலவற்றில் இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் தேட வேண்டும்.

இன்னொரு கசிவும் உண்டு. மூவிலென்ஸில் டேக் ஜீனோம் என்று ஒரு கோப்பு, ஒவ்வொரு படத்துக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட டேக் மதிப்பெண்களுடன் இருக்கும். அதைக் கன்டென்ட் விவரமாகப் போட்டால் முடிவு பிரமாதமாக வரும். ஆனால் அது யூசர்கள் கொடுத்த டேக், மதிப்பீடு, விமர்சனம் இவற்றிலிருந்து பிறந்தது, நேற்று வந்த படத்துக்கு அது இருக்கவே இருக்காது. உங்கள் தளத்திலும் "சராசரி ஸ்டார்", "அதிகம் தேடியவர்கள்" மாதிரி பத்திகள் (நெடுவரிசைகள்) கேட்டலாக்குக்குள் ஒளிந்திருக்கும். ஐட்டம் ஏறிய முதல் நிமிடத்தில் எந்தப் பத்தி நிரம்பியிருக்குமோ அதை மட்டும் எடுங்கள்.

## 4. தொடக்க வெக்டர் கொடுங்கள்

முதலில் அடிப்படை மாடல். பைத்தானில் இம்ப்ளிசிட் லைப்ரரியின் ஏஎல்எஸ் (யூசர், ஐட்டம் வெக்டர்களை மாறி மாறித் திருத்தும் முறை), 64 பரிமாணம், அது போதும். (ஓபன்பிளாஸ் த்ரெட் எண்ணிக்கையை 1 என்று வைக்கச் சொல்லி அது ஓர் எச்சரிக்கை காட்டும். அதைக் கேளுங்கள், இல்லாவிட்டால் வேகம் படுத்துவிடும்.) இப்போது உங்களிடம் யூசர் வெக்டர்களும் பழைய ஐட்டம் வெக்டர்களும் இருக்கின்றன.

அடுத்து, எல்லா ஐட்டங்களின் தலைப்பையும் விவரத்தையும் ஒரு வாக்கிய எம்பெடிங் மாடலில் (வாக்கியத்தின் அர்த்தத்தை எண்களாக்குவது) போட்டு எடுங்கள். ஆங்கிலச் செய்திக்கு மினிஎல்எம் வகையில் 384 பரிமாணம் உள்ள சிறிய மாடல் போதும், ஜிபியு தேவையில்லை. தலைப்புகள் தமிழில் இருந்தால் இங்கே நின்று கவனியுங்கள். பன்மொழி மினிஎல்எம் என்று பரவலாக எடுத்துப் போடும் மாடலின் ஐம்பது சொச்ச மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. எந்தப் பிழையும் காட்டாமல் எண்களைத் திருப்பித் தரும், அந்த எண்களை நம்ப முடியாது. தமிழ் உள்ள லாப்சே (768 பரிமாணம்), அல்லது மல்டிலிங்குவல் ஈ5 எடுங்கள். ஈ5 என்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அது கேட்கும் முன்சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள். எந்த மாடலானாலும், தெரிந்த பத்துத் தலைப்புகளைக் கொடுத்து நெருங்கிய ஐந்தைக் கண்ணால் பாருங்கள். கிரிக்கெட் செய்திக்குப் பக்கத்தில் தங்க விலை வந்தால் மாடலை மாற்றுங்கள்.

இப்போது எம்பெடிங்கிலிருந்து 64 பரிமாண வெக்டருக்குப் போக வேண்டும். இரண்டு வழி சொல்கிறேன், முதல் வழியைச் செய்து பார்க்காமல் இரண்டாவதற்குப் போகாதீர்கள்.

முதல் வழி: புது ஐட்டத்துக்குத் தலைப்பில் மிக நெருங்கிய 20 பழைய ஐட்டங்களை எடுங்கள். குறைந்தது 50 கிளிக் வாங்கிய ஐட்டங்களாகப் பார்த்து எடுங்கள், மூன்று கிளிக் வாங்கியதன் வெக்டர் பெரும்பாலும் இரைச்சல்தான். அந்த இருபதின் மாடல் வெக்டர்களை நெருக்கத்துக்கு ஏற்ற எடையில் சராசரி எடுத்தால் வேலை முடிந்தது. இதில் பயிற்சியே இல்லை, ஏன் இந்த வெக்டர் வந்தது என்று யாராவது கேட்டால் அந்த இருபது தலைப்புகளையும் காட்டலாம்.

இரண்டாவது வழி: பழைய ஐட்டங்களை வைத்து, எம்பெடிங் உள்ளே, மாடல் வெக்டர் வெளியே என்று ஒரு ரிட்ஜ் ரெக்ரெஷன் (எடைகள் பெரிதாகாமல் கட்டுப்படுத்தும் நேரியல் கணிப்பு). சின்ன நியூரல் நெட்வொர்க்கும் போடலாம், ஆனால் ரிட்ஜைவிட நன்றாகச் செய்கிறதா என்று மூன்றாம் படியின் எண்ணை வைத்து முடிவெடுங்கள்.

பெரிய பொறி இங்கே இருக்கிறது. சராசரி எடுத்தாலும் ரெக்ரெஷன் போட்டாலும் வெக்டரின் நீளம் சுருங்கும். பரிந்துரை மதிப்பெண் என்பது யூசர் வெக்டரும் ஐட்டம் வெக்டரும் புள்ளிப் பெருக்கல், பிரபலமான ஐட்டங்களுக்கு வெக்டர் நீளமாக இருக்கும். ஆகவே நீங்கள் கஷ்டப்பட்டுச் செய்த புது வெக்டர் சரியான திசையைக் காட்டிக்கொண்டே, ஒருவருக்கும் முதல் இருபதில் வராமல் கிடக்கும். எல்லாம் ஓடுகிறது, பிழை இல்லை, புது ஐட்டமும் இல்லை என்ற நிலை வந்தால் முதலில் நீளங்களை அச்சிட்டுப் பாருங்கள். அதே வகையில் உள்ள பழைய ஐட்டங்களின் இடைநிலை நீளத்துக்குப் புது வெக்டரை நீட்டிவிடுங்கள். உங்கள் மாடலில் ஐட்டத்துக்கென்று தனி பயஸ் (மதிப்பெண்ணோடு கூட்டப்படும் எண்) இருந்தால் அதற்கும் பூஜ்யம் வைக்காமல் வகையின் இடைநிலையை வையுங்கள்.

டூ டவர் மாடல் (யூசருக்கு ஒன்று, ஐட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு நெட்வொர்க்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐட்டம் டவருக்குள் ஐடி எம்பெடிங்கும் போனால், புது ஐட்டத்துக்கு அந்த இடத்தில் தற்போக்கு எண்கள் நிற்கும், அது மற்ற எல்லாவற்றையும் கெடுக்கும். பயிற்சியின்போதே சில வேளை ஐடியை மறைத்து ஓட்டுங்கள், 2017-ல் வந்த டிராப்அவுட்நெட்டின் யோசனை இதுதான். லைட்எஃப்எம் லைப்ரரி பயன்படுத்தினால், ஐட்டம் விவரங்களைப் பயிற்சிக்கு முன்பே நிர்ணயித்துவிடுங்கள். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு தனி அடையாளப் பத்தி என்று வைத்தால், புது ஐட்டம் வந்ததும் பத்தி எண்ணிக்கை மாறி, தொடர்பயிற்சி மறுத்துவிடும்.

## 5. இன்டெக்ஸில் ஏற்றுங்கள்

ஐட்டம் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குள் என்றால் இன்டெக்ஸே (நெருங்கிய வெக்டரை வேகமாகத் தேடும் அமைப்பு) வேண்டாம். 60,000 ஐட்டம், 64 பரிமாணம், ஒவ்வொன்றும் 4 பைட், மொத்தம் 15 எம்பி சொச்சம். நேராகப் பெருக்கிவிடலாம். புது வெக்டரைக் கடைசி வரிசையாக ஒட்டினால் போதும்.

அதற்கு மேல் போனால், எந்த இன்டெக்ஸ் என்பதை நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அனாய் லைப்ரரியில் ஒருமுறை கட்டி முடித்தால் புதிதாகச் சேர்க்க முடியாது, முழுவதும் மறுபடி கட்ட வேண்டும். ஃபைஸ் லைப்ரரியில் எச்என்எஸ்டபிள்யூ வகையில் (வெக்டர்களை வலைப்பின்னலாக இணைப்பது) சேர்க்கலாம், நீக்க முடியாது. ஐவிஎஃப் வகையில் (வெக்டர்களை மையங்களைச் சுற்றிக் கூட்டங்களாகப் பிரிப்பது) இரண்டும் முடியும், ஆனால் அதன் மையங்கள் பழைய ஐட்டங்களை வைத்துக் கற்றவை, முற்றிலும் புதிய வகை ஒன்று கூட்டமாக வந்தால் தேடல் துல்லியம் மெல்லக் குறையும். எச்என்எஸ்டபிள்யூ லிப் என்ற தனி லைப்ரரியில் சேர்க்கலாம், நீக்கியதாகக் குறிக்கலாம், கொள்ளளவைப் பிறகு கூட்டலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு இதெல்லாம் இல்லாதது: பழையதற்கு ஒரு நிலையான இன்டெக்ஸ், இன்றைய புது ஐட்டங்களுக்கு ஒரு சின்ன மேட்ரிக்ஸ், இரண்டிலும் தேடி முடிவைச் சேர்ப்பது. வெக்டரைத் திருத்தும்போது அந்தச் சின்ன மேட்ரிக்ஸில் ஒரு வரிசையை மாற்றினால் போதும்.

## 6. காட்டுவதற்கு இடம் ஒதுக்குங்கள், செலவை முன்பே பேசிவிடுங்கள்

தொடக்க வெக்டர் ஓர் ஊகம்தான். அந்த ஊகம் சரியா என்று தெரிய ஆட்களுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும், அதற்கு இடம் செலவாகும். இந்தப் பேச்சை மேலாளரோடு முதலிலேயே பேசுங்கள், ஏனென்றால் முதல் சில நாட்கள் மொத்தக் கிளிக் விகிதம் கொஞ்சம் இறங்கக்கூடும், அப்போது போய் விளக்கினால் யாரும் பொறுமையாகக் கேட்க மாட்டார்கள்.

கணக்கு இப்படி. உங்கள் தளத்தில் சராசரி கிளிக் விகிதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புது ஐட்டத்துக்கு 300 இம்ப்ரெஷன் கொடுத்தால் எதிர்பார்க்கும் கிளிக் 6. அந்த 2 சதவீதத்தில் திட்டப் பிழை (எண் எவ்வளவு ஆடக்கூடும் என்ற அளவு) சுமார் 0.8 சதவீதம், அதாவது 300 இம்ப்ரெஷனில் 0.5 சதவீத ஐட்டத்தையும் 3.5 சதவீத ஐட்டத்தையும் ஓரளவு பிரிக்கலாம், 2-ஐயும் 2.5-ஐயும் பிரிக்க முடியாது. ஒரு நாளைக்கு 500 புது ஐட்டம் வந்தால் 500 பெருக்கல் 300, ஒன்றரை லட்சம் இம்ப்ரெஷன். உங்கள் தளத்தின் ஒரு நாள் மொத்தம் 30 லட்சம் என்றால் இது 5 சதவீதம், அதாவது 20 இடத்துக்கு ஒரு இடம். மொத்தமே 3 லட்சம்தான் என்றால் பாதி இடம் போய்விடும், அது நடக்காத காரியம். அப்போது 300-ஐ 60 ஆக்குங்கள், அல்லது எல்லாப் புது ஐட்டத்தையும் சோதிக்காமல் வகைக்குச் சிலவற்றை மட்டும் எடுங்கள்.

அந்த ஒதுக்கிய இடத்தில் எந்த ஐட்டத்தைக் காட்டுவது? இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள். "இது யாருக்குப் பிடிக்கும்" என்பதற்கு வெக்டரின் திசை பதில் சொல்லும். "மொத்தத்தில் எவ்வளவு பிடிக்கிறது" என்பதற்குத் தாம்சன் சாம்ப்ளிங் போடுங்கள். யூசர் வெக்டரோடு ஒத்துப்போகும் ஐம்பது புது ஐட்டங்களை முதலில் எடுத்து, அவற்றுக்குள் பீட்டா பரவலிலிருந்து (கிளிக் வந்தது, வராதது என்ற இரண்டு எண்களால் அமையும் நிகழ்தகவுப் பரவல்) ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இழுத்து, பெரிய எண் வந்ததைக் காட்டுங்கள். பத்தே வரி நிரல்.

இதிலும் ஒரு பொறி. பாடப்புத்தகத்தில் பீட்டா 1, 1 என்று தொடங்குவார்கள். அதன் அர்த்தம் புது ஐட்டத்தின் கிளிக் விகிதம் 50 சதவீதம் என்று எதிர்பார்ப்பது. உண்மை 2 சதவீதமாக இருக்கும் இடத்தில் அப்படித் தொடங்கினால், யார் கடைசியாக வந்தாரோ அவரே எல்லா இடத்தையும் பிடிப்பார். வகையின் சராசரியை வைத்துத் தொடங்குங்கள்: பீட்டா 2, 98. இது 100 இம்ப்ரெஷனுக்குச் சமமான முன்நம்பிக்கை. பிறகு 200 தடவை காட்டி 8 கிளிக் வந்தால், முன்நம்பிக்கையோடு சேர்த்து 300-க்கு 10, சுமார் 3.3 சதவீதம். நல்ல ஐட்டம், மேலே ஏறட்டும்.

## 7. கிளிக் வர வர அந்த வெக்டரை மட்டும் திருத்துங்கள்

நான் மிகவும் மதிக்கும் படி இது. செய்வதற்கும் எளிது. யூசர் வெக்டர்கள் அசையாமல் நிற்கும்போது, ஒரு ஐட்டத்தின் சிறந்த வெக்டரைக் கண்டுபிடிப்பது 64-க்கு 64 அளவில் ஒரு சமன்பாட்டைத் தீர்ப்பதுதான். பொதுவாக ஃபோல்ட் இன் என்பார்கள். இம்ப்ளிசிட் லைப்ரரியிலேயே பார்ஷியல் ஃபிட் ஐட்டம்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இதற்கு இருக்கிறது.

ஆனால் அதை அப்படியே புது ஐட்டத்துக்குப் போடாதீர்கள். அந்த ஏஎல்எஸ், கிளிக் செய்யாத எல்லா யூசரையும் "லேசாகப் பிடிக்கவில்லை" என்று கணக்கில் எடுக்கும். பழைய ஐட்டத்துக்கு அது பரவாயில்லை. 50,000 யூசர்களில், ஒரு மணி நேரத்துக்கு முன் வந்த செய்தியை 80 பேர் பார்த்து 4 பேர் கிளிக் செய்திருக்கிறார்கள், மீதி 49,920 பேருக்கு அது வந்ததே தெரியாது, அவர்களையும் மறுத்தவர்களாக எண்ணினால் வெக்டர் பூஜ்யத்தை ஒட்டிப் போய்விடும். கிளிக் வந்த பிறகு ஐட்டம் இன்னும் கீழே போகிறது என்ற விநோதம் இதனால்தான்.

சரி, என்ன செய்வது? காட்டப்பட்ட யூசர்களை மட்டும் எடுங்கள்.

சதுர மேட்ரிக்ஸ்: காட்டப்பட்ட ஒவ்வொரு யூசரின் வெக்டரையும் அதனோடேயே வெளிப் பெருக்கல் செய்து, எல்லாவற்றையும் கூட்டி, மூலைவிட்டத்தில் லாம்டாவை (ஓர் எண், கீழே சொல்கிறேன்) சேருங்கள்.

வலப் பக்கம்: கிளிக் செய்தவர்களின் வெக்டர்களைக் கூட்டி, அதோடு லாம்டா பெருக்கல் தொடக்க வெக்டரைச் சேருங்கள்.

இரண்டையும் பைத்தானின் நம்பை லைப்ரரியில் உள்ள சால்வ் ஃபங்ஷனில் கொடுத்தால் புது வெக்டர் வரும். கிளிக்குக்கு அதிக எடை கொடுக்க விரும்பினால் இரண்டு பக்கமும் அதே எடையைப் பெருக்குங்கள், ஒரு பக்கம் மட்டும் பெருக்கினால் தப்பு. எழுதி முடித்ததும் ஒரு சோதனை: இம்ப்ரெஷன் ஒன்றுமே இல்லாத ஐட்டத்துக்கு ஓட்டினால் தொடக்க வெக்டர் அச்சு அசலாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை.

இதில் நுட்பம் எல்லாம் அந்த லாம்டாவில் இருக்கிறது. சாதாரண ரெகுலரைசேஷன் வெக்டரைப் பூஜ்யத்தை நோக்கி இழுக்கும், இங்கே நாம் தொடக்க வெக்டரை நோக்கி இழுக்கிறோம். ஆகவே லாம்டா என்பது "கன்டென்டை எத்தனை இம்ப்ரெஷனுக்குச் சமமாக நம்புகிறேன்" என்ற எண். யூசர் வெக்டர் நீளத்தின் வர்க்கச் சராசரியை 64-ஆல் வகுத்து, நீங்கள் நம்பும் இம்ப்ரெஷன் எண்ணிக்கையால் பெருக்குங்கள். சராசரி 3.2 என்றால் 64-ஆல் வகுக்க 0.05, கன்டென்டை 200 இம்ப்ரெஷனுக்குச் சமமாக நம்பினால் லாம்டா 10. இந்த 200 என்ற எண்ணை மூன்றாம் படியின் சோதனையில் 50, 200, 800 என்று மாற்றிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கிளிக் ஐந்தாவது வரும்வரை வெக்டரைத் திருத்தவே வேண்டாம் என்பது என் கருத்து. கிளிக்கே இல்லாமல் வெறும் மறுப்புகளை வைத்துத் திருத்தினால் திசை எங்கோ திரும்பிவிடும். அந்தக் கட்டத்தில் ஐட்டத்தைக் கீழே இறக்கும் வேலையைப் பீட்டா எண்ணிக்கை பார்த்துக்கொள்ளும். திருத்திய பிறகும் நீளத்தை நான்காம் படியில் சொன்னபடி வகையின் இடைநிலைக்குக் கொண்டுவாருங்கள், ஏனென்றால் பழைய வெக்டர்கள் எல்லா யூசரையும் எண்ணிக் கற்றவை, இது காட்டப்பட்டவரை மட்டும் எண்ணிக் கற்றது, இரண்டின் அளவுகோலும் ஒன்றல்ல.

கடைசியாக ஒரு நேரப் பிரச்சினை. இம்ப்ரெஷன் லாக் உடனே வந்துவிடும், கிளிக் லாக் சில நிமிடம் தாமதமாக வரும். இரண்டையும் "இப்போது வரை" என்று எடுத்தால், கடைசிப் பத்து நிமிட இம்ப்ரெஷன் எல்லாம் கிளிக் இல்லாதவையாகத் தெரியும். பழையதற்கு இது தூசு. வெளியாகி அரை மணி நேரமே ஆன ஐட்டத்துக்கு மூன்றில் ஒரு பங்கு டேட்டா பொய். உங்கள் கிளிக் லாக்கின் தாமதத்தை அளந்து, அதைவிடப் பழைய இம்ப்ரெஷன்களை மட்டும் எடுங்கள்.

## 8. எதை எப்போது ஓட்டுவது

தொடக்க வெக்டர்: ஐட்டம் வெளியான உடனே, வெளியீட்டு நிகழ்வோடு இணைத்து ஓட்டுங்கள். ஒரு தலைப்பை எம்பெட் செய்ய சாதாரண சிபியு போதும்.

வெக்டர் திருத்தம்: செய்தி என்றால் 10 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, கடை என்றால் மணிக்கு ஒருமுறை, படம் புத்தகம் மாதிரி நின்று விற்பவை என்றால் நாளுக்கு ஒருமுறை. புது ஐட்டங்கள் ஆயிரம் இருந்தாலும் 64-க்கு 64 சமன்பாடு ஆயிரம்தான், அதற்கு என்று தனி சர்வர் கேட்டு நிற்க வேண்டாம். செலவு எல்லாம் லாக்கை வாசிப்பதில் இருக்கிறது, ஆகவே புது ஐட்டங்களின் இம்ப்ரெஷனை மட்டும் தனி டேபிளில் எழுதச் சொல்லுங்கள்.

தினமும் பார்க்க வேண்டிய எண்: ஐட்டம் வெளியான நேரத்துக்கும் அதன் முதல் இம்ப்ரெஷனுக்கும், நூறாவது இம்ப்ரெஷனுக்கும் உள்ள இடைவெளி. ரீகாலைவிட இதைத்தான் ஆசிரியர் குழுவும் விற்பனைக் குழுவும் உடனே புரிந்துகொள்வார்கள்.

முழு ரீட்ரெயினை நிறுத்திவிடாதீர்கள். யூசர்களின் ருசி மாறும், யூசர் வெக்டர் அசையாமலேயே இருந்தால் எல்லாமே மெதுவாகப் பழசாகும். வாரத்துக்கு ஒருமுறை என்று தொடங்கி, பழைய ஐட்டங்களின் ரீகால் நாளுக்கு நாள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

ரீட்ரெயின் செய்யும் நாளில்தான் பதிப்பு எண் தேவைப்படும். ஏஎல்எஸ்ஸைத் தற்போக்கு எண்களிலிருந்து மறுபடி ஓட்டினால் வெக்டர் வெளி முழுவதும் சுழன்றிருக்கும். ஊர் வரைபடத்தை யாரோ திருப்பி வைத்த மாதிரி, ஊர்களுக்கு இடையிலான தூரம் அதே, ஆனால் பழைய "வடக்கே பத்து மைல்" இப்போது வேறு எங்கோ கொண்டுபோய் விடும். நேற்றைய மாடலில் திருத்திய புது ஐட்டம் வெக்டரை இன்றைய யூசர் வெக்டரோடு பெருக்கினால் வருவது குப்பை, அதுவும் பிழைச் செய்தி இல்லாத குப்பை. ரிட்ஜ் ரெக்ரெஷனுக்கும் இதே கதி. ஆகவே ரீட்ரெயின் முடிந்ததும் இந்த வரிசையில் செய்யுங்கள்: புது யூசர் வெக்டர்கள், புது ஐட்டம் வெக்டர்கள், ரிட்ஜை மறுபடி கற்பித்தல், இன்னும் போதிய கிளிக் வாங்காத ஐட்டங்களுக்குத் தொடக்க வெக்டரை மறுபடி கணக்கிடுதல், அவற்றின் இம்ப்ரெஷன்களை வைத்து ஏழாம் படியை மறுபடி ஓட்டுதல், இன்டெக்ஸ். பீட்டா எண்ணிக்கைகள் வெக்டரைச் சார்ந்தவை அல்ல, அவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பழைய வெக்டர்களிலிருந்தே பயிற்சியைத் தொடங்கினால் சுழற்சி குறையும், ஆனால் அதை நம்பி மேலே சொன்னதைத் தவிர்க்காதீர்கள்.

இவை எல்லாம் ஒரே பதிப்பு எண்ணோடு ஒரே ஃபோல்டரில் கிடக்கட்டும், சர்வர் அந்த ஃபோல்டரை மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும். யூசர் வெக்டர் ஒரு பதிப்பு, ஐட்டம் வெக்டர் வேறு பதிப்பு என்று கண்டால் சர்வர் கிளம்பவே மறுக்கும்படி ஒரு சோதனை வரியைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பழைய ஃபோல்டரை இரண்டு நாளாவது அழிக்காமல் வையுங்கள், திரும்பிப் போக வேண்டிவந்தால் பட்டியல், வெக்டர், இன்டெக்ஸ் மூன்றும் சேர்ந்தே திரும்ப வேண்டும்.